சாவிக்காரர் வீட்டு அடைக்கோழி

சர்க்கரை டப்பாவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் உப்பு டப்பாவுக்குக் கை நீட்டும்போதுதான், தான் இந்த வீட்டுக்கு வந்தது வாசல் பூட்டைப் பார்க்க என்பது சாவிக்காரருக்கு ஞாபகம் வருகிறது. வீட்டுக்கார அம்மாள் தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நிற்கிறாள். இவர் கையை இழுத்துக்கொள்கிறார். முகத்தில் அசடு வழிகிறது. “சும்மா பாத்துட்டு மூடிட்டேம்மா” என்கிறார். அவர் எதையும் எடுக்கமாட்டார் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். பார்க்காமல் இருக்கமாட்டார் என்பதும் தெரியும். அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் வருகிறார் என்றால் அலமாரிக் கதவைச் சாத்தி அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆள் ஒல்லி. நடந்தால் சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் தோள் பையும் சேர்ந்து சலங்கை கட்டின மாதிரி குலுங்கும். அவர் தெருமுனை திரும்பும்போதே வீட்டுப் பின்புறத்தில் கோழிகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். பேசும்போது வாயோரத்தில் ஒரு சின்ன அரம் இருக்கும். இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். மூடி நெம்புவது, ஆணி தளர்த்துவது, ஒட்டின உறையைப் பிரிப்பது எல்லாம் அந்த நகத்தால்தான். முடி வெட்டிக்கொள்ளப் போனால் பாதியில் எழுந்து, கடைக்காரரின் இழுப்பறை ஏன் இறுக்கமாக இருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவார். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு அவர் தெருவில் போனதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி என்று சிலரைச் சொல்வோமே, அவர்கள் எல்லாம் இவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் கை காய்வதற்குள் மூன்று தரம் எழுந்திருப்பார். குக்கர் மூடியை ஆவி அடங்குமுன் திறந்து மோவாயில் வாங்கின தழும்பு இன்னும் இருக்கிறது. “தூங்கறப்பவும் காலு ரெண்டும் எங்கேயோ போய்க்கிட்டுதான் இருக்கும். காலையில கேட்டா ரொம்பத் தூரம் நடந்த மாதிரி அலுப்பா இருக்குங்கறார்” என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவி அவருக்கு நேர் எதிர். உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். துணிக்கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு கட்டுச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டால் கடைசிப் பொத்தானில் நூலை முடிந்து பல்லால் கடித்த பிறகுதான் நிமிர்வாள். கோழிகளெல்லாம் அவள் வளர்ப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருப்பது கோழிகளுடையதுதான். மேனேஜர் என்று ஒரு சேவல். ஓயாமல் கத்தும், ஒரு வேலையும் செய்யாது, அதனால் அந்தப் பெயர். அப்புறம் அரை டஜன் பெட்டைகள். சாம்பல் நிறத்தில் ஒன்று உண்டு. அடைக்கு உட்காரும் பெட்டை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முட்டையிட்டதும் கொக்கரித்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடும்.

புருஷன் பெண்சாதிக்குள் சண்டை கிடையாது. ஆனால் கோழியை விட்டால் பேச்சும் கிடையாது. எது எங்கே முட்டையிட்டது, எது இரை எடுக்காமல் நிற்கிறது, மேனேஜர் ஏன் காலையிலிருந்து முறைத்துக்கொண்டு திரிகிறார், இவ்வளவுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது. சாவிக்காரர் பகலெல்லாம் தெருத்தெருவாக அலைந்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “சாம்பல் என்ன பண்ணுது?” என்று கேட்டுக்கொண்டு நுழைவார். அவளும் ஊசியை நிறுத்தாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவாள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவருக்கு வீடு திரும்பவே தோன்றும். வெளியே சொல்லிக்கொள்ள வெட்கம்.

சாம்பல் அடைக்கு வந்துவிட்டால் அதன் முகமே மாறிவிடும். இறகெல்லாம் சிலிர்த்து ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். தொண்டையில் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். கையைக் கொண்டுபோனால் கொத்தும். நெஞ்சிறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும், முட்டையில் உடம்புச் சூடு நேராகப் படட்டும் என்று. முட்டையில்லாத கூடையில்கூடப் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அப்போது வைக்கோலைப் பரப்பி, நல்ல முட்டையாகப் பார்த்து அடியில் வைத்துவிட்டால் மூன்று வாரம் அது அசையாது. நாளுக்கு ஒரு தரம் இறங்கும், இரை எடுக்கும், தண்ணீர் குடிக்கும், ஊரையே விரட்டுகிற நாற்றத்தில் ஓர் எச்சம் போடும், மண்ணில் புரளும், திரும்பப் போய் ஏறிக்கொள்ளும்.

மூன்று வாரம் அசையாமல் இருக்கிற ஓர் உயிரையும், மூடியிருக்கிற எதையும் திறக்காமல் விடாத ஒரு மனுஷனையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும்?

முதல் தரம் டார்ச்சால் கெட்டது. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கரு பிடித்திருக்கிறதா, கூமுட்டையா என்று தெரிந்துவிடும். ஒரு தரம் பார்த்தால் போதும் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் அந்த ஒரு தரம் பார்த்தார். சிலந்திக்கூடு மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு புள்ளி, அது துடித்தது. அன்றையிலிருந்து மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் ஒரு முறை, வேலைக்குப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்து ஒரு முறை, கை கழுவப் போகிற சாக்கில் ஒரு முறை. சாம்பல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. ஒரு நாள் எழுந்து வெளியே நடந்தது. அப்புறம் கூடைப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் தரம் கடைசி வரைக்கும் தொடாமல்தான் இருந்தார். ஒரு முட்டையில் ஓடு கொத்தி, சின்ன ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து மூக்கு நுனி தெரிந்தது. தெரிந்ததோடு சரி. காலையில் பார்த்த ஓட்டை மாலையிலும் அதே அளவில் இருந்தது. குஞ்சு மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று நினைத்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்த நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். உள் ஜவ்வில் ரத்தம் கோடிட்டது. குஞ்சு வெளியே வந்தது, வயிற்றுக்குள் இன்னும் போய்ச் சேராத மஞ்சள் கருவோடு. அவர் உள்ளங்கையில் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடியது.

மனைவி வந்து பார்த்து, அதை அவர் கையிலிருந்து ஒரு துணியில் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். மறுநாள், பொத்தான் தைத்துக்கொண்டே, ஊசியைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஓட்டை போட்டுட்டு அது ஓய்வு எடுக்குங்க. ஒரு நாள்கூட எடுக்கும். உள்ள இருக்கறதையெல்லாம் உள்வாங்கிட்டுத்தான் வரும். இன்னொரு அடை உங்க கையால கெட்டுச்சுன்னா, மொத்தத்தையும் தம்பிகிட்டக் குடுத்து அனுப்பிடுவேன். இதுங்க படற பாட்டை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”

அவள் சொன்னால் செய்வாள். தம்பி ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை செய்கிறவன். பஸ் ஏறி வருகிற தூரத்தில் வீடு, பின்னால் பெரிய காலி மனை. வருகிற போதெல்லாம் கோழிகளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவான். அவை போய்விட்ட பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்ன கேட்டுக்கொண்டு நுழைவது? 

இப்படி இருக்கும்போதுதான் அவள் ஸ்டூலில் ஏறி, பரணில் இருந்த காலி டப்பா ஒன்றை எடுக்கப் போய் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலைப் பின் அறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். அங்கே படுத்தபடி பார்த்தால் கோழிக்கூடு முழுக்கத் தெரியும். கட்டுப் போட்ட அந்த வாரமே சாம்பல் ‘கொர்ர்’ என்று கூடையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு வேளை தெரியாது.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, கூட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள், சாவி என்னிடம் இருக்கட்டும் என்றாள். கிடப்பில் இருந்த மர அலமாரியைப் படுக்கப் போட்டு, கம்பிவலைக் கதவு வைத்துச் செய்த கூடு அது. அடைக்கோழிக்கு மட்டும் தனி. சாவிக்காரர் தன் பையைக் குடைந்து, இருப்பதிலேயே கெட்டியான பித்தளைப் பூட்டாக எடுத்து மாட்டினார். சுத்தியலால் அடித்தாலும் அசையாத பூட்டு. அதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியால் திறந்துவிடுவார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சாவியை அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவரும் மாட்டுக்காரனிடம் மாட்டை ஒப்படைத்தவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

அடுத்த வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஊசி போடுகிற கை, ஊசியை விடக் கூர்மையான வாய். மாத்திரை கொடுக்க வந்தவள் ஜன்னல் வழியே பூட்டைப் பார்த்துவிட்டு, “பூனைக்கா அண்ணே, நரிக்கா?” என்று கேட்டாள். “ரெண்டு கால்ல நடக்கறதுக்கு” என்று கட்டிலில் இருந்து பதில் வந்தது.

நாள் தவறாமல் மதியம் அவர் சாவியை வாங்குவார், திறப்பார், சாம்பல் இறங்கும். அது குருணையைக் கொத்தி, மண்ணில் புரண்டு, இறகை உதறித் திரும்பப் போகும் வரைக்கும் அவர் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிமாறி நிற்பார். ஜன்னலில் இருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி இருக்கும். கோழி ஏறியதும் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். முட்டையை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்க்காத முட்டைகள் அவர் தலைக்குள் உருண்டுகொண்டே இருந்தன. இராப்பகலாக அவர் செய்த சாவிகளில் பாதி பொருந்தாமல் திரும்பி வந்தது அந்த வாரங்களில்தான்.

குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான் என்கிற சமயம். மதியம் சாவியை வாங்கினார். வலிக்கு மாத்திரை போட்டிருந்ததால் அவள் சாவியை நீட்டியதோடு கண்ணயர்ந்துவிட்டாள். சாம்பல் இறங்கி இரை எடுத்துக்கொண்டிருந்தது. அப்போது இஸ்திரிக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். பேத்தி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுவிட்டதாம். சின்னக் குழந்தை, திறக்கத் தெரியவில்லை, குழாய் வேறு திறந்து கிடக்கிறதாம். சாவிக்காரர் அங்கிருந்தபடியே பாய்ந்தார். வாழ்நாளெல்லாம் ஒரு கதவை விட்டு நகரும்போது பூட்டிவிட்டு நகர்ந்து பழகிய கை. அது தன் பாட்டுக்குக் கூட்டுக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டது. கோழி வெளியே புரண்டுகொண்டிருந்தது. அவர் இஸ்திரிக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிட்டார்.

குழந்தையை எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆகவில்லை. கதவிடுக்கில் ஒரு தகட்டை நுழைத்து, தாழ்ப்பாளைத் தள்ளி, சொட்டச்சொட்ட நனைந்து சிரித்துக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கித் தாயிடம் கொடுத்தார். வீடே அழுது சிரித்தது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். அங்கேதான் அவர் கெட்டார். கூடத்தில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. சாவி தொலைந்து வருஷக்கணக்காகத் திறக்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்றே மறந்துவிட்டது என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

சொன்னவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இவர் முன்னால் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? “சும்மா பாத்துட்டுப் போயிடறேன்” என்று பீரோ முன்னால் சம்மணம் போட்டார். காபி வந்தது, ஆறியது. ஒரு நெம்பு, இரண்டு நெம்பு. பூட்டு பிடிவாதக்காரப் பூட்டு. அவருக்கு உலகம் மறந்துபோயிற்று. மெல்லிய கம்பி ஒன்று வேண்டும் என்று பைக்குள் கைவிட்டுத் துழாவினார். விரலில் ஒரு சாவி தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார்.

பித்தளைச் சாவி. கூட்டுச் சாவி.

 பீரோவை அப்படியே விட்டுவிட்டு, தோள்பையையும் விட்டுவிட்டு, செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினார்.

வீட்டில் நடந்ததை நர்ஸ் பிற்பாடு சொன்னாள். சாம்பல் போட்ட சத்தத்தில்தான் மனைவி விழித்திருக்கிறாள். ஜன்னலில் பார்த்தால் கோழி வலைக் கதவில் மோதுகிறது, விழுகிறது, சுற்றி வருகிறது, மறுபடி மோதுகிறது. போன் பண்ணினால் அவர் போன் சமையலறையில் கிடந்து அடிக்கிறது. நர்ஸ் ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள், கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தாள், கடைசியில் கல்லைத் தூக்கினாள். அடிக்காதே, முட்டை அதிரும் என்று மனைவி தடுத்துவிட்டாள். கட்டிலில் இருந்து இறங்கி, மாவுக்கட்டுக் காலை இழுத்து இழுத்து, உட்கார்ந்தபடியே பின்வாசல் படி வரைக்கும் நகர்ந்து வந்திருக்கிறாள். கோழி மனசு மாறி வேறு பக்கம் போய்விடக் கூடாதே என்று கூட்டு வாசலில் விழும்படி குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாக எறிந்துகொண்டிருந்தாள்.

சாவிக்காரர் வந்தபோது அந்தக் கோலத்தில்தான் பார்த்தார். தன் பூட்டுக்குத் தன் சாவியை நுழைக்க அவருக்கு மூன்று தரம் தவறியது. கதவு திறந்ததும் சாம்பல் அவரை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய், முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாக அடிக்கு இழுத்து, இறகை விரித்து அமர்ந்தது. முட்டைகள் எவ்வளவு ஆறிப்போயின என்று யாருக்குத் தெரியும்? தொட்டுப் பார்த்தால் தெரியும். அவர் தொடவில்லை.

மனைவியைத் தாங்கிக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தார். சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“பூட்டு உங்களுக்குப் போட்டதுங்க” என்றாள். “அதுக்கு இல்ல.”

 அவர் கூட்டிலிருந்து பூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். கதவு சும்மா சாத்தியிருந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் காவல் இல்லை. அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்களுக்குப் பரிதாபமாக இருந்தது. பின்புறத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். நடந்த தடத்தில் புல் செத்தது. டார்ச்சை எடுப்பார், வைப்பார். ஒரு நாள் அதைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலமே போய்க் கேட்டார். அவள் தரவில்லை. “என்ன அண்ணே, குடிகாரங்க பாட்டிலைக் குடுத்து வைக்கற மாதிரி” என்றாள்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. மறுநாளும் போனது. கூட்டுக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. சூடு விட்டுப்போனால் நாள் தள்ளிப்போகும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எவ்வளவு தள்ளும் என்று சொல்லவில்லை. அதற்கடுத்த காலை மனைவி போனை எடுத்து, பக்கத்தில் அவர் நிற்கும்போதே, தம்பியை வரச் சொன்னாள். கூடை கொண்டுவா என்றாள். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தது.

தம்பி பெரிய மூங்கில் கூடையோடு வந்து இறங்கினான். அக்காவின் காலை விசாரித்தான். மாமாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பின்புறம் போய் வேலையை ஆரம்பித்தான். மேனேஜர்தான் முதலில் அகப்பட்டார், அத்தனை நாள் அதட்டலும் ஒரே அமுக்கில் அடங்கிப்போயிற்று. பெட்டைகள் மூலைக்கொன்றாகச் சிதறின. சாவிக்காரர் எதையும் பிடித்துக் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அடைக்கூட்டின் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

தம்பி இரண்டாவது பெட்டையைக் கூடைக்குள் தள்ளும்போது அவர் கையைத் தூக்கி, இரு, என்று சைகை காட்டினார். காதைக் கூட்டின் பலகையில் வைத்தார். உள்ளே ஏதோ கீறுகிற சத்தம். தாளை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. அப்புறம் ஒரு ‘கீச்’. மூடின பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லிய சத்தம்.

கதவைத் தானே திறந்தார். சாம்பல் இறகைச் சிலிர்த்து அவரை முறைத்தது. அதன் நெஞ்சுக்குக் கீழே விளிம்பில் ஒரு முட்டை தெரிந்தது. அதில் சின்னதாக ஓர் ஓட்டை, சுற்றிலும் விரிசல். ஓட்டைக்குள் ஒரு மூக்கு நுனி அசைந்தது.

தம்பி அவர் தோள்மேல் குனிந்து பார்த்தான். நல்லவன்தான் அவன். மாமா முகத்தைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. “கொஞ்சூண்டு பிச்சு விட்டீங்கன்னா வந்துடும் மாமா. உயிரோட கொண்டுபோய் அக்கா கையில வெச்சுடுங்க. நான் இந்தக் கூடையைக் கவுத்துட்டுப் போயிடறேன். எனக்கும் பஸ்ஸு இருக்கு” என்றான்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தானாக வளைந்தது.

“என்ன அங்க?” என்று ஜன்னலில் இருந்து குரல். மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டை கொத்தியிருக்கிறது என்று தம்பி சொன்னான். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆறிப்போன முட்டையில் குஞ்சு பலவீனமாக இருக்குமே, வெளியே வரத் தெம்பு இருக்குமா, ஓட்டை போட்டு எவ்வளவு நேரமாயிற்று, ஜவ்வு காய்ந்துவிட்டதா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவளுக்கே தாங்கவில்லை. “ஒருக்கா தூக்கித்தான் பாருங்களேன். உயிர் இருக்கான்னு மட்டும் பாருங்க” என்றாள்.

“பாக்கமாட்டேன்” என்றார் சாவிக்காரர்.

“நான்தான் சொல்றேன்ல?”

“நீ சொன்னாலும் பாக்கமாட்டேன்.” தலையைத் திருப்பாமலே பேசினார். “மாப்ளே, நீ புடிக்கறதைப் புடிச்சுக்கிட்டுப் போ. சாம்பலை மட்டும் இப்ப தொடாதே. அது எழுந்திரிக்கற வரைக்கும் இங்க இருக்கட்டும். அப்பறம் அதையும் நானே கொண்டாந்து உன் வீட்ல விட்டுடறேன்.”

சொல்லிவிட்டு மறுபடி கூட்டுப் பலகையில் காதை வைத்தார். 

 கூடைக்குள் மேனேஜர் ஒரு தரம் முனகினார். பிறகு ஜன்னலில் இருந்து, “தம்பி” என்று ஒரு குரல். “கூடையைத் திறந்து விடுடா.”

தம்பி கூடை மூடியை எடுத்தான். மேனேஜர் வெளியே வந்து, எதுவுமே நடக்காதது போல இறகை உதறி, தொண்டை கிழியக் கூவினார். பெட்டைகள் வேலியோரம் போய் நின்றுகொண்டன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னவன் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். “எவ்வளவு நேரம் ஆகும்க்கா?” என்று கேட்டான். அது வர்றப்ப வரும் என்று ஜன்னலில் இருந்து பதில் வந்தது.

வெயில் கூட்டுப் பலகை மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது. நர்ஸ் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். சாவிக்காரர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். தம்பி உதட்டில் விரலை வைத்தான். ஒரு விரிசல் இன்னொரு விரிசலைப் போய்த் தொட்டது. நின்றது. சாம்பலின் இறகுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வேறொரு குரல் கீச்சிட்டது. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. மனைவி கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது சாம்பல் உடம்பைத் தூக்கி ஒரு விரல் அகலம் நகர்ந்து உட்கார்ந்தது. ஓரத்து முட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஈரத்தில் ஒட்டின சின்னத் தலை, மூடின கண், ஒரு கால் வெளியே. இன்னொரு கால் பாதி ஓட்டுக்குள் மாட்டியிருந்தது. குஞ்சு உதைத்தது. ஓடும் கூடவே வந்தது. மறுபடி உதைத்தது. தலை வைக்கோலில் சாய்ந்து, அப்படியே கிடந்தது.

ஒரு முழத் தூரம்கூட இல்லை. கதவு திறந்திருந்தது.

“என்னங்க, வந்துடுச்சா?”

சாவிக்காரர் வலது கையை மண்ணில் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, இடது கையைத் தொடைக்கு அடியில் செருகினார். பிறகு மறு பக்கம் சாய்ந்து வலது கையையும் செருகினார். இரண்டு கைகளின் மேலும் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.